மழைக்கு மறுநாள் பாரோடேல்: பிள்ளைகளோடு ஏரி, அருவி, குன்று நடக்க ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், பாரோடேல் பள்ளத்தாக்கில் இருக்கும் லொடோர் அருவிக்கு நாங்கள் முதன்முதலில் போனது ஜூன் மாதக் கடைசியில். மூன்று வாரமாகச் சொட்டு மழை இல்லை. வானம் நீலம், வெயில் இதம், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நினைத்துத்தான் கிளம்பினோம். போய்ப் பார்த்தால் வீட்டளவு பெரிய பாறைகள். நடுவில் குழாயைச் சரியாக மூடாததுபோல் ஒரு கசிவு. அதற்கு நேர் எதிரில் நின்றுகொண்டே சின்னவள் கேட்டாள்: "அருவிக்கு இன்னும் எவ்வளவு தூரம்பா?"

அதே இடத்துக்கு அக்டோபரில், இரண்டு நாள் அடைமழை ஓய்ந்த மறுநாள் காலை போனோம். படகிலிருந்து இறங்கிச் சாலையைத் தாண்டியபோதே இரைச்சல் கேட்டது. பாறைகள் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை நுரை. பத்தடி தள்ளி நின்றும் மூக்குக்கண்ணாடி நனைந்தது.

குற்றாலத்துக்குக் கிளம்புமுன் "தண்ணி விழுதா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் நாம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு வரும்போது மட்டும் வெயிலைத் தேடிக்கொண்டு வருகிறோம். நான் இப்போது மழைக்கு மறுநாளை வைத்துத்தான் திட்டம் போடுகிறேன். இந்த வழிகாட்டியும் அப்படித்தான்.

ஏன் இந்தப் பள்ளத்தாக்கு

ஏரி மாவட்டம் வடமேற்கு இங்கிலாந்தில், கம்ப்ரியா கவுண்டியில் இருக்கிறது. 1951-இல் தேசியப் பூங்கா ஆனது, 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே பள்ளத்தாக்குகள் பல. பிள்ளைகளோடு முதன்முறை வருகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பாரோடேல்.

காரணம் எளிது. கெஸிக் என்கிற சின்ன ஊர் வடக்கு வாசல் (எழுத்தில் ஒரு 'டபிள்யூ' இருக்கும், யாரும் உச்சரிப்பதில்லை). ஊரை ஒட்டி டெர்வென்ட்வாட்டர் ஏரி, சுமார் 5 கி.மீ. நீளம். ஏரியைச் சுற்றிப் படகு, பள்ளத்தாக்கின் உள்ளே பஸ். நடுவழியில் பிள்ளை "என்னால முடியாது" என்று உட்கார்ந்துவிட்டால், வந்த வழியே திரும்பாமல் தப்பிக்க இங்கே எப்போதும் ஒரு வழி உண்டு. வேறு பள்ளத்தாக்குகளில் இந்த வசதி இவ்வளவு இல்லை.

வரைபடத்தில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கே குடியேறிய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) மக்கள் விட்டுப்போனவை. ஃபெல் என்றால் குன்று அல்லது மலை. பெக் என்றால் ஓடை, கில் என்றால் ஒடுங்கிய பள்ளத்தில் இறங்கும் ஓடை, டார்ன் என்றால் மலைமேல் சிறு குளம். ஊர்ப் பெயர்களின் வாலில் வரும் 'த்வெய்ட்' காடு திருத்திய நிலம். ஃபோர்ஸ் என்று கண்டால் அருவி. 'ஃபாஸ்' என்ற நார்ஸ் சொல் அப்படித் திரிந்திருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வரைபடத்தைக் கையில் கொடுங்கள். அருவியைக் கண்டுபிடிக்கும் வேலை அவர்களுடையது.

முதல் படி: நேரக் கணக்கு

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சமதரையில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். ஏறுகிற ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கூடுதலாகப் பத்து நிமிடம். இது திடகாத்திரமான பெரியவர்களுக்கு. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை கூட வந்தால் வருவதை இரண்டால் பெருக்குங்கள், சாப்பாட்டு நேரம் தனி.

எடுத்துக்காட்டாக, காசில் கிராக் நடை சுமார் 5 கி.மீ., ஏற்றம் 200 மீட்டர். நெய்ஸ்மித் கணக்கில் 80 நிமிடம். எங்கள் வீட்டுக் கணக்கில் 2 மணி 40 நிமிடம், அதோடு புளியோதரைக்கு அரை மணி. கிட்டத்தட்ட அப்படியேதான் ஆகிறது. பெருக்க மறந்தவர்கள்தான் கடைசிப் பஸ்ஸைத் துரத்துகிறார்கள்.

இரண்டாம் படி: மழையைப் படிப்பது

பள்ளத்தாக்கின் தெற்கு முனையில் ஸீத்வெய்ட் என்று ஒரு பண்ணை. இங்கிலாந்தில் மனிதர் வசிக்கும் இடங்களில் மிக அதிக மழை பெறுவது இதுதான். ஆண்டுக்கு சுமார் 3,500 மி.மீ. 2009 நவம்பர் 19 அன்று முடிந்த 24 மணி நேரத்தில் மட்டும் 316 மி.மீ. கொட்டியது. அந்தச் சாதனையை 2015 டிசம்பரில் முறியடித்ததும் தூரத்து ஊர் அல்ல, பக்கத்திலேயே இருக்கும் ஹானிஸ்டர் கணவாய்: 341 மி.மீ.

அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்று நடு மலைகளில் முட்டி மேலேறுகிறது, குளிர்கிறது, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. வடக்கே சுமார் 12 கி.மீ. தள்ளியுள்ள கெஸிக்கில் அதில் பாதி மழைகூட இல்லை. குடும்பத்துக்கு இதில் உள்ள பாடம்: தெற்கே மேகம் கறுத்து நின்றால் அன்றைய திட்டத்தையே ரத்து செய்யத் தேவையில்லை, ஏரியின் வடக்குக் கரைக்கு நகர்ந்தால் போதும்.

முன்னறிவிப்பில் பிரிட்டிஷ் வானிலைத் துறையின் மலைப்பகுதிப் பக்கத்தைப் பாருங்கள், ஊர்ப்பக்கத்தை அல்ல. மழையைவிடக் காற்றின் வேகம் முக்கியம். மேலே மணிக்கு 60 கி.மீ. காற்று என்று போட்டிருந்தால் ஆறு வயதுப் பிள்ளையை முகட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். வெப்பமும் 100 மீட்டருக்கு அரை டிகிரிக்கு மேல் குறையும். கீழே டி-ஷர்ட்டில் நிற்கிற பிள்ளைக்கு மேலே பல் கிட்டும்.

மழை பெய்துகொண்டிருக்கும் நாளும் மழைக்கு மறுநாளும் ஒன்றல்ல. பெய்யும்போது ஓடைகள் கண்ணெதிரே ஏறும். மறுநாள் தண்ணீர் நிறைய இருக்கும், ஆனால் இறங்குமுகமாக இருக்கும். அருவி பார்க்க அதுதான் நேரம்.

மூன்றாம் படி: உடுப்பும் பையும்

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், ஒட்டும், மாலைவரை காயாது. பள்ளியில் போடும் ட்ராக்-பேன்ட் போதும், அதன்மேல் மழைப்பேன்ட். மேலே மெல்லியதாக மூன்று அடுக்கு. காலில் பள்ளமான தடம் உள்ள ஷூ இருக்கட்டும். தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூ ஈரப் பலகைக்கல்லில் (ஸ்லேட்) சோப்பு மாதிரி வழுக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் இரண்டு என்பேன், ஏனென்றால் முதல் ஓடையிலேயே ஒரு ஜோடி போய்விடும்.

பையில் தலைவிளக்கு, விசில், சின்ன முதலுதவிப் பெட்டி, உண்ணி எடுக்கும் கொக்கி, ஓஎல்4 என்ற எண்ணுள்ள ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் நில அளவை நிறுவனம்) வரைபடம். போனில் வரைபடம் இருந்தாலும் காகிதம் வேண்டும். பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. பச்சைக் கோடு கோடாக இருப்பது பொது நடைபாதை. சம உயரக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் அங்கே செங்குத்து.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு யோசனை: பாதியை உச்சிக்கு வைக்காதீர்கள். பசித்தால் ஏற மாட்டார்கள். புறப்பட்ட இருபதாவது நிமிடத்தில் முதல் தீனி.

வந்து சேர்வது

ரயிலில் வந்தால் பென்ரித் நிலையத்தில் இறங்கி எக்ஸ்4 அல்லது எக்ஸ்5 பஸ்ஸில் கெஸிக். அங்கிருந்து 78-ஆம் எண் பஸ் ஏரியின் கிழக்குக் கரை வழியாக லொடோர், கிரேஞ்ச், ரோஸ்த்வெய்ட் கடந்து ஸீடோலர் வரை போகும். காரில் வருகிறவர்கள் காரைக் கெஸிக்கிலேயே விட்டுவிடுவது நல்லது. கேட்பெல்ஸ் மலை அடிவாரத்தில் நிறுத்த இடம் பெயருக்குத்தான். கோடை சனிக்கிழமைகளில் அந்த ஒற்றைத்தடச் சாலை காலை ஒன்பதுக்கே அடைத்துக்கொள்ளும்.

படகை இங்கே லாஞ்ச் என்பார்கள். ஏரியைச் சுற்றி ஏழெட்டுத் துறைகள், இரண்டு திசையிலும் ஓடும், முழுச் சுற்று 50 நிமிடம். பிள்ளைகளுக்கு இது பஸ் அல்ல, நாளின் முதல் பரிசு.

நடை 1: தள்ளுவண்டிக்காரர்களுக்கு

படகுத்துறையிலிருந்து ஃப்ரையர்ஸ் கிராக் முனைவரை. பத்துப் பதினைந்து நிமிட நடை, கெட்டியான பாதை. முனையில் நின்றால் ஏரி முழுதும், அதன் கடைசியில் பள்ளத்தாக்கு நெருங்கி ஒடுங்கும் இடமும் தெரியும். அந்த ஒடுக்கத்துக்கு இங்கே 'பாரோடேலின் தாடை' என்று பெயர். தள்ளுவண்டி, சக்கர நாற்காலி போகும் பாதைகளைத் தேசியப் பூங்காவினர் 'மைல்ஸ் வித்அவுட் ஸ்டைல்ஸ்' என்ற பெயரில் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதுவும் அதில் ஒன்று. ஸ்டைல் என்பது வேலியைத் தாண்ட வைக்கும் மரப்படி. தள்ளுவண்டிக்கு முதல் எதிரி அதுதான்.

இன்னும் நீளம் வேண்டுமென்றால் கெஸிக்கிலிருந்து த்ரெல்கெல்ட் போகும் பழைய ரயில் பாதை, ஒரு பக்கம் சுமார் 5 கி.மீ. ரயில் 1972-இல் நின்றது. 2015 வெள்ளத்தில் பாலங்கள் அடித்துப்போய், 2020 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள். ஆற்றை மாறி மாறிக் கடக்கும், தரை சமம்.

நடை 2: லொடோர்

லொடோர் துறையில் இறங்கி, சாலையைக் கடந்து, ஹோட்டலின் பின்பக்கம் போனால் பத்து நிமிடத்தில் அருவி. மலைமேல் வாட்டெண்ட்லத் டார்னிலிருந்து வரும் ஓடை இங்கே பாறைக் குவியலில் உடைந்து இறங்குகிறது. ஒரே கோடாக விழும் அருவி அல்ல, நூறு துண்டாகச் சிதறுவது. அதனால்தான் தண்ணீர் குறைந்தால் காணாமலே போகிறது.

சுற்றியுள்ள ஓக் மரங்களைக் கவனியுங்கள். அடிமுதல் கிளைவரை பாசி, கிளைமேல் பெரணி. மிதவெப்ப மழைக்காடு என்பார்கள், பிரிட்டனில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். பாரோடேல் மழைக்காட்டை 2024-இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். என் மகள் ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்து "இதுக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கு" என்றாள். அதன்பின் அந்தக் காட்டுக்கு எங்கள் வீட்டில் ஸ்வெட்டர் காடு என்றுதான் பெயர்.

ஒரு எச்சரிக்கை. அருவியிலிருந்து ஏரியின் தெற்கு முனைச் சதுப்பைக் கடந்து மேற்குக் கரைக்குப் போக மரப்பலகை நடைபாதை உண்டு, அழகான வழி. ஆனால் பெருமழைக்கு மறுநாள் ஏரி பொங்கி அது மூழ்கிவிடும். பலகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள், படகு இருக்கிறது.

நடை 3: காசில் கிராக்

ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். உயரம் 290 மீட்டர்தான். ஆனால் காடு, ஆறு, குகை, கல்மலை, உச்சி எல்லாம் அதற்குள்ளேயே.

78 பஸ்ஸில் ரோஸ்த்வெய்ட்டில் இறங்கி, பண்ணையை ஒட்டிய சந்தில் ஆற்றுக்கு வாருங்கள். டெர்வென்ட் ஆற்றைக் கல்பாலத்தில் கடந்து வலப்பக்கம் திரும்பினால் கரையோரப் பாதை. தண்ணீர் இங்கே பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும். கல் எறிய அரை மணி ஒதுக்குங்கள், கெஞ்சி நகர்த்துவதைவிட அது மிச்சம்.

காட்டுக்குள் போனதும், குன்றின் கிழக்குச் சரிவில் பழைய பலகைக்கல் சுரங்கக் குடைவுகள். அதில் ஒன்றில் மில்லிகன் டால்ட்டன் என்பவர் கோடைக்குக் கோடை குடியிருந்தார். லண்டனில் இன்ஷூரன்ஸ் குமாஸ்தா. வேலையை உதறிவிட்டு இங்கே வந்தவர். தன் உடுப்பையும் கூடாரத்தையும் தானே தைத்தார், ரொட்டி தானே சுட்டார், வந்தவர்களை மலையேற்றிக் காட்டினார், 'சாகசப் பேராசிரியர்' என்று தனக்கே பட்டம் வைத்துக்கொண்டார். 1947-இல் இறந்தபோது வயது எழுபத்தொன்பது. மேல் குகையின் சுவரில் "வார்த்தைகளை வீணாக்காதே, சட்டென்று முடிவுக்குத் தாவு" என்ற பொருளில் ஆங்கில வாசகம் செதுக்கியிருக்கும். டார்ச் அடித்துத் தேடவிடுங்கள். மலைப்பு, களைப்பு எல்லாம் மறந்துபோகும். குகைக்கு ஏறும் பாதை ஈரத்தில் வழுக்கும், ஆளுக்கு ஒரு கை பிடிக்க வேண்டும்.

உச்சிக்கான கடைசி ஏற்றம் உடைந்த பலகைக்கற்களின் குவியல்மேல் வளைந்து வளைந்து போகிறது. கல் கிணுகிணுவென்று சரியும். மேலே போகிறவர் தட்டிவிடும் கல் கீழே வருகிறவர் முழங்காலுக்கு வரும். ஆகவே நெருங்கி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள், அப்போது கல் வேகம் பிடிக்காது. உச்சியில் முதல் உலகப் போரில் இறந்த பாரோடேல் ஆண்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. வடக்கே ஏரி முழுதும், அதன் பின்னால் 931 மீட்டர் ஸ்கிடா. பழைய சுரங்கம் வெட்டிய பக்கம் செங்குத்தாக விழும். அங்கே ஓடிப்பிடித்து விளையாட்டு கூடாது.

இறங்கி வடக்கே போனால் கிரேஞ்ச். இரட்டை வளைவுக் கல்பாலம், தேநீர்க் கடை, அக்கரையில் பஸ் நிறுத்தம். கால் இன்னும் தாங்கினால் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பௌடர் ஸ்டோன்: ஒரு மூலையில் நிற்கிற, ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள ஒற்றைப் பாறை. ஏறிப் பார்க்க ஏணி உண்டு.

நடை 4: கேட்பெல்ஸ்

451 மீட்டர். "குடும்பத்துக்கு ஏற்ற மலை" என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. முகட்டில் இரண்டு இடத்தில் கையையும் ஊன்றி ஏற வேண்டிய பாறைப்படி உண்டு. லட்சக்கணக்கான ஷூக்கள் தேய்த்து அது பளபளக்கிறது. ஏழு வயதுக்கு மேல், காய்ந்த நாள் என்றால் சரி. மழைக்கு மறுநாள் என்ற என் விதிக்கு இது ஒன்றே விலக்கு.

வடக்கிலிருந்து தெற்காகப் போங்கள். ஹாஸ் எண்ட் துறையில் இறங்கி ஏறினால் பாறைப்படிகள் ஏறுமுகத்தில் வரும். இறங்குவதைவிட ஏறுவது பிள்ளைக்கு எளிது. உச்சி தாண்டி ஹாஸ் கேட் என்ற தாழ்விலிருந்து இடப்பக்கம் இறங்கி, ஏரிக்கரைக் காட்டு வழியாக ஹை பிராண்டல்ஹவ் துறைக்கு வந்து படகு. சுமார் 6 கி.மீ., நான்கு மணி நேரம். மலையில் பழைய ஈயச் சுரங்கத் துளைகள் உண்டு, பாதையை விட்டு விலக வேண்டாம்.

கடைசியில் வரும் பிராண்டல்ஹவ் காட்டை, இயற்கையையும் பழைய இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1902-இல் மக்கள் சந்தா போட்ட பணத்தில் வாங்கியது. ஏரி மாவட்டத்தில் அவர்கள் வாங்கிய முதல் நிலம் அது. அந்தக் காட்டில் நின்றுதான் நாங்கள் கடைசிப் படகைத் தவறவிட்டோம். தப்பு முழுக்க என்னுடையது. கோடையில் போனில் படமெடுத்து வைத்த அட்டவணையை அக்டோபரில் பார்த்துக்கொண்டு, "இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு" என்று பிள்ளைகளைக் கரையில் விளையாடவிட்டேன். படகு எப்போதோ போயிருந்தது. இருட்டுகிற நேரத்தில், சின்னவளைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆறு கி.மீ.க்கு மேல் நடந்தோம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தலைவிளக்கு அன்றுதான் பைக்குள் நிரந்தர இடம் பிடித்தது. அக்டோபர் இறுதியில் கோடை நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளியபின் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அன்றைய அட்டவணையை அன்றே, துறையில் பாருங்கள்.

நடை 5: ஸீத்வெய்ட், ஆனால் பாதிவரை

ஸீத்வெய்ட் பண்ணையிலிருந்து ஸ்டாக்லி பாலம்வரை சுமார் ஒன்றரை கி.மீ., அகலமான கற்பாதை. பொதி குதிரைகளுக்காகக் கட்டிய ஒற்றை வளைவுப் பாலம். வழியில் வலப்பக்கம் எதிர்ச்சரிவில் டெய்லர் கில் ஃபோர்ஸ் தொங்கும், மழைக்கு மறுநாள் பிரமாதம். அதை அங்கிருந்தே பாருங்கள். அருவிக்கு நேராகப் போகும் பாதையில் பாறையைப் பிடித்து ஏறவேண்டிய, பக்கத்தில் பள்ளமான இடம் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. பாலத்துக்கு மேலே போகிறவர்கள் இங்கிலாந்தின் மிக உயரமான சிகரமான ஸ்காஃபெல் பைக்குக்குப் போகிறார்கள், 978 மீட்டர். அது வேறொரு ஆண்டுக்கு. பஸ் ஸீத்வெய்ட் வராது. ஸீடோலரிலிருந்து நடக்க வேண்டும்.

இங்கே மேய்வது ஹெர்ட்விக் ஆடு. குட்டி கறுப்பாகப் பிறக்கும், வளர வளரச் சாம்பலாகும். வேலியில்லாமலே ஒவ்வொரு மந்தையும் தன் மலையை விட்டுப் போகாது. தாயிடமிருந்து குட்டி கற்கிறது. இடையர்கள் ஆடு எண்ண ஒரு பழைய எண் வரிசை வைத்திருந்தார்கள்: யான், டையான், டெத்தெரா, மெத்தெரா. யான் என்றால் ஒன்று. நம் பழந்தமிழ் 'யான்' நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு, சம்பந்தம் ஒன்றுமில்லை. நாய் கொண்டுவந்தால் கயிற்றில், கேட்டைத் திறந்தால் மூடி.

ஏதாவது ஆனால்

பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. வரைபடக் கட்ட எண்ணைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பேச சிக்னல் போதாத இடத்திலும் எஸ்எம்எஸ் போகலாம். வீட்டிலிருக்கும்போதே 999-க்கு 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள். விசில் என்றால் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு.

கொட்டித் தீர்க்கிற நாளில் கெஸிக் பென்சில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஸீத்வெய்ட் மலையில் 16-ஆம் நூற்றாண்டில் சுத்தமான கிராஃபைட் கிடைத்தது. முதலில் அதை வைத்து ஆட்டுக்குக் குறி போட்டார்கள், பென்சில் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் உள்ளே வரைபடமும் திசைகாட்டியும் ஒளித்த பென்சில்கள் இங்கே செய்யப்பட்டன. எங்கள் பெரியவன் இன்றும் தன் பென்சில்களை உடைத்துப் பார்ப்பது அதனால்தான்.

நடந்து திரும்பிய இரவு, குளிக்க வைக்கும்போது ஒரு வேலை மிச்சம். பெரணிப் புதரில் உண்ணி இருக்கும், அது லைம் நோயைக் கொண்டுவரலாம். முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். எள்ளளவு கறுப்புப் புள்ளி ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அதுதான். எண்ணெய், நெருப்பு ஒன்றும் வேண்டாம். கொக்கியைத் தோலோடு ஒட்டிச் செருகி, மெல்லத் திருகி எடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவப்பு படர்ந்தால் டாக்டரிடம் போங்கள்.